மஸாஹிரா டீச்சரின் கூரை

வீடு வீடாகப் பாண் விற்கும் ஆட்டோவை ஓட்டச் சேர்ந்த அன்று சுமன், பேக்கரி முதலாளி சாஹுல் ஹமீது ஹாஜியாரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ எந்த வழியைத் தந்தாலும் ஓட்டுகிறேன், பள்ளிவாசலுக்குப் பின்னால் மேடேறிப் போகும் குறுகிய ஒழுங்கை மட்டும் வேண்டாம் என்றான்.

ஹாஜியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வீடுடைத்த வழக்கில் நாலு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன் என்பது அவருக்குத் தெரியும். வேலை கேட்டு வந்த முதல் நாளே அவன் சொல்லிவிட்டான். பிறகு யாராவது வந்து சொல்லி, அதற்குப் பிறகு முகத்தைத் தொங்கப் போடுவதைவிட அது நல்லது என்று அவன் மனைவி சுபாஜினிதான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அந்தப் பக்கத்துக்கு வேற ஆள் ஈக்கி" என்றார் ஹாஜியார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்காகவே சுமனுக்கு அவர் மேல் ஒரு மரியாதை உண்டானது.

ஒன்றரை வருஷம் நன்றாகவே ஓடியது. விடிந்ததும் ஒரு சுற்று, பின்னேரம் நாலு மணிக்கு ஒரு சுற்று. ஆட்டோவின் மணிச்சத்தம் கேட்டதும் பிள்ளைகள் வாசல் கேற்றுக்கு ஓடி வந்தார்கள். எந்த வீட்டுக்கு ரோஸ் பாண், எந்த வீட்டு ஐயாவுக்குச் சீனி போட்ட பணிஸ் ஆகாது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். முன்பெல்லாம் ஒரு வீட்டைக் கண்டால் அவன் கண் முதலில் கூரைக்குத்தான் போகும். இப்போது வாசலில் நிற்கும் ஆளைப் பார்க்கப் பழகியிருந்தான்.

அந்த ஒழுங்கைக்குப் போய்க்கொண்டிருந்த ஓட்டுநர் கட்டாருக்கு வேலைக்குப் போனதும் நிலைமை மாறியது.

"ஒரு மாசத்துக்கு மட்டும் பாருங்க தம்பி" என்றார் ஹாஜியார். "அதுக்குள்ள வேற ஆள் எடுக்கிறேன்."

மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். சுமன் தலையாட்டினான். ஒரு மாதம் ஏழு மாதமாகியது.

ஒழுங்கையின் கடைசியில், பலாமரத்துக்குக் கீழே, பச்சைக் கேற்றுப் போட்ட ஓட்டு வீடு. எட்டு வருஷத்துக்கு முன்பு சுமன் அந்த வீட்டுக்குள் இறங்கியிருக்கிறான். அப்போது அவன் ஒல்லி. கீழே இரண்டு பேர் காவல் நிற்க, அவன் மரத்தைப் பிடித்து ஏறி, குசினிக்கு மேலே நாலு ஓட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே போவான். திரும்பும்போது கழற்றிய ஓடுகளை மறுபடி வைத்துவிட்டு இறங்குவது அவன் வழக்கம். வீட்டுக்காரர் அலுமாரியைத் திறக்கும்வரை களவு போனதே தெரியாது. அந்த வீட்டில் ஒரு நகைப் பெட்டியும் ஒரு கைக்கடிகாரமும் எடுத்தான். முன் அறையில் ஒரு ஆணும் பெண்ணும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் களவு யார் செய்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அவன் பிடிபட்டது வேறொரு வீட்டில். கூட இருந்த இருவரில் ஒருவன் செத்துவிட்டான், மற்றவன் நாட்டிலேயே இல்லை.

முதல் நாள் பச்சைக் கேற்றைத் திறந்துகொண்டு வந்தவர் மஸாஹிரா டீச்சர். அறுபத்தைந்து வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகள் றிப்தா திகனையில் கல்யாணம் முடித்துக்கொண்டு இருக்கிறாள்.

"புது ஆளா? பேரு என்ன மகன்?"

சொன்னான்.

"புள்ள குட்டி ஈக்கா?"

"மக ஒன்னு டீச்சர். மூனு வயசாவுது."

மறுநாள் அவர் பணிஸ் வாங்க வந்தபோது கையில் ஒரு படப் புத்தகம் இருந்தது. "எங்கட பேரப்புள்ளைட. அவன் இப்ப பெரிய ஆள். மகளுக்குக் குடுங்க." சுமன் அதை வாங்கி ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே வைத்தான். அன்று வீட்டுக்குப் போனபிறகும் அதை வெளியே எடுக்க அவனுக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது.

ஐப்பசி மழை தொடங்கியதும் டீச்சர் ஒரு நாள் கேட்டார். "மகன், கூர ஒழுகுது. குசினிப் பக்கம். ரெண்டு மேசன்மாருக்குச் சொன்ன, ஒருத்தரும் வரல்ல. தெரிஞ்ச ஆள் யாரும் ஈக்கா?"

தெரிந்த ஆள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் குசினியில் ஒரு பெரிய பேசினை வைத்து, அது நிறைய நிறைய அவர் தூக்கிக் கொட்டிக்கொண்டிருப்பதை அவன் பார்த்துவிட்டான்.

"ஞாயித்துக்கெழம நானே வர்றேன் டீச்சர்."

ஞாயிறு காலையில் போனபோது டீச்சர் அவனை ஹாலில் உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார். சுவரோரமாக ஒரு சாய்வு நாற்காலி கிடந்தது. அவன் அதில் உட்காரப் போனான்.

"அதுல வேணாம் மகன், இதுல குந்துங்க" என்று அவர் வேறு கதிரையை இழுத்துப் போட்டார். பிறகு அப்படிச் சொன்னது தப்போ என்று நினைத்தவர் போல விளக்கினார். "அது எங்கட மாஸ்டர்ட. அவரு அதுலதான் மௌத்தான."

கணவர் இறந்த நாற்காலியைத் தாண்டி, சுமன் அவர் போட்ட கதிரையில் உட்கார்ந்தான்.

"எட்டு வருஷத்துக்கு முந்தி இந்த ஊட்டுக்குக் கள்ளன் வந்த. ஓட்டக் கழட்டிக்கொண்டு எறங்கியீக்கான். நாங்க ரெண்டு பேரும் தூக்கம். சாமான் போனாப் போகுது, அத உழைக்கலாம். ஆனா அதுக்குப் பொறகு இவருக்குத் தூக்கமே இல்லாமப் பெய்த்து. நாம படுத்திருக்கக்குள்ள ஒருத்தன் வந்து தலமாட்டுல நிண்டீக்கானே, அப்பிடீண்டு சொல்லிச் சொல்லியே ஈப்பாரு. படுக்க மாட்டாரு. இந்த நாற்காலியில சாஞ்சுகொண்டு மேலயே பாத்துக்கொண்டு ஈப்பாரு. பலாக்கா ஒண்டு விழுந்தாலும் எழும்பி லைட்டப் போடுவாரு. ஒரு வருஷத்துக்கும் மேல. ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனேன், அப்பிடியே கண்ணத் தொறந்தபடி போயீக்காரு."

"டாக்டர்கிட்ட காட்டலயா?"

"காட்டின. ஹார்ட் வருத்தம்தான் எண்டாங்க. கள்ளனால எண்டு சொல்ல ஏலாது. சும்மா ஒருத்தர்ட தலையில பழியப் போடவும் கூடாது." டீச்சர் எழுந்தார். "தேத்தண்ணியக் குடிங்க, ஆறிப் பெய்ரும்."

அவன் ஏணி வைத்து மேலே ஏறினான். பட்டப்பகலில் ஒரு கூரையில் நிற்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை. கூரை விளிம்பிலிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு ஓடு மட்டும் பக்கத்து ஓட்டின் காடியில் பொருந்தாமல் சற்றுத் தூக்கிக்கொண்டு கிடந்தது. வெளியே பார்த்தால் தெரியாது. அந்த இடுக்கு வழியாக இறங்கிய தண்ணீர் கீழிருந்த மரச்சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்திருந்தது. விரலால் அழுத்தினால் மரம் தூளாக உதிர்ந்தது. எப்போது, யார் அவசரத்தில் அந்த ஓட்டை அப்படி வைத்தது என்று சுமனிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவன் வெகு நேரம் அங்கேயே குந்தியிருந்தான். பக்கத்து வீட்டுப் பெண் உடுப்புக் காயப்போட வந்தவள் அண்ணாந்து அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சட்டத்தை மாற்றி, ஓடுகளை ஒவ்வொன்றாகக் காடியில் உட்கார வைத்துவிட்டுக் கீழே இறங்கினான்.

"என்ன நடந்தீக்கி?" என்று கேட்டார் டீச்சர்.

"ஓடு மாறிக் கெடந்துச்சு டீச்சர். யாரோ எடுத்துட்டு சரியா வைக்கல."

"பூன பாஞ்சீக்கும்."

"இருக்கும்."

கூலி வாங்க மாட்டேன் என்றான். டீச்சர் விடாமல் ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஆட்டோவுக்குள் வைத்துவிட்டுப் போனார்.

அன்று சுபாஜினியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போய்ச் சொல்லிறவா?" என்றான்.

"சொன்னா அவங்க புருஷன் எந்திரிச்சு வந்துருவாரா?"

"வரமாட்டாரு."

"அப்ப யாருக்காகச் சொல்லப் போறீங்க? ஒங்க மனசு லேசாகணும்னு தானே? அவங்க நிம்மதியா இருக்காங்க. இருக்கட்டும் விடுங்க."

அவள் சொன்னதில் பிழை இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு பச்சைக் கேற்றில் பணிஸைக் கொடுக்கும்போது அவன் டீச்சரின் கையை மட்டுமே பார்த்தான்.

மூன்று வாரம் கழித்து டீச்சர் சொன்னார்: "நாளைக்கும் நாளண்டைக்கும் இங்க நிக்காதீங்க மகன். நான் திகனைக்குப் போறேன், மகள்ட ஊட்டுக்கு."

மூன்றாம் நாள் பின்னேரம் ஒழுங்கையில் ஏறியபோது பச்சைக் கேற்றுக்கு முன்னால் பொலிஸ் ஜீப் நின்றது. சனம் கூடியிருந்தது. சுமன் ஆட்டோவை மெதுவாக்கினான். திருப்பிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தான். ஒழுங்கை ஒடுக்கம், ஆட்டோவைத் திருப்ப இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் போக வேண்டும். பாண்காரன் பொலிஸைக் கண்டதும் திருப்பிக்கொண்டு ஓடினான் என்று ஆகிவிடும். மணிச்சத்தத்தை நிறுத்திவிட்டு அப்படியே மேலே போனான்.

குசினிப் பக்கத்துக் கூரையில் ஓடு கழற்றியிருந்தார்கள். டிவியும் கேஸ் சிலிண்டரும் அலுமாரியில் இருந்த மீதி நகையும் போயிருந்தன. பக்கத்து வீட்டுப் பெண் அவனைக் கை காட்டி ஏதோ சொன்னாள். சார்ஜன் திரும்பினார். சிறைக்குப் போகுமுன் சுமனை விசாரித்தவர்களில் ஒருவர் அவர்.

"அட, நீயா?" என்றார் சிங்களத்தில், ஏறக்குறையப் பழைய சிநேகிதனைக் கண்டவர் போல. "பாணும் விற்கிறாயா இப்போது?"

பொலிஸ் நிலையத்தில் கேட்ட கேள்விகளுக்கு அவனிடம் பதில் இருந்தது. ஆனால் ஒரு பதிலும் உதவவில்லை. இரண்டு இரவும் எங்கே இருந்தாய்? வீட்டில். சாட்சி யார்? மனைவி. டீச்சர் வீட்டில் இல்லை என்பது தெரியுமா? தெரியும். யார் சொன்னது? டீச்சர்தான். மூன்று வாரத்துக்கு முன் கூரையில் ஏறினாயா? ஏறினேன். அதே பக்கமா? அதே பக்கம்தான்.

ஒவ்வொரு உண்மையைச் சொல்லும்போதும் சார்ஜன் எழுதிக்கொண்டே போனார். எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது, அதைக் கேட்டால் தானே தன்னைப் பிடித்து உள்ளே போட்டிருப்பான் என்று சுமனுக்குத் தோன்றியது.

ஹாஜியார் வந்தார். "நல்லா வேல செஞ்ச பொடியன்" என்றார். களவுச் சாமான்களை எந்த ஆட்டோவில் ஏற்றினார்கள் என்று இன்னும் தெரியவில்லை, தேவைப்பட்டால் பேக்கரியின் ஆட்டோக்களையும் எடுத்துவர வேண்டியிருக்கும் என்று சார்ஜன் மரியாதையாகவே சொன்னார். ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு போய்விட்டார். அவர் மீது சுமனுக்குக் கோபம் வரவில்லை.

மறுநாள் காலை பத்து மணிபோல மஸாஹிரா டீச்சர் வந்தார். கூடவே மருமகன் அஹ்னாப். சுமனை உள்ளேயிருந்து கூட்டிவந்து மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

"இவர் செஞ்சீக்க மாட்டாரு" என்றார் டீச்சர், உட்காரும் முன்னமே. "நான்தான் இவர மேல ஏத்தின. கூலி கூட எடுக்கல்ல. நாளும் என்ட கேற்றடிக்கு வாற புள்ள."

அஹ்னாப் அவருடைய வார்த்தைகளைச் சிங்களத்தில் சொன்னான். சார்ஜன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு பழைய கோப்பைத் திறந்து, டீச்சருக்குப் புரியும்படி தனக்குத் தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னார்.

"அம்மா, இவன் நாலு வருஷம் மறியல்ல இருந்தது. வீடு உடைச்சது. இவன் எப்படி செய்றது தெரியுமா? குசினிக்கு மேல நாலு ஓடு எடுக்கும். போறப்ப திருப்பி வைக்கும். ஆளுக்குத் தெரியாது."

முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்த டீச்சர், அதை மெல்ல விட்டார். அவர் எதைச் சேர்த்துப் பார்க்கிறார் என்று சுமனுக்குத் தெரிந்தது. ஓடு மாறிக் கிடந்தது, யாரோ எடுத்துவிட்டுச் சரியாக வைக்கவில்லை என்று அவன்தானே அவரிடம் சொன்னான்.

"மகன்" என்றார் டீச்சர். "அந்த நாள்ல எங்கட ஊட்டுக்கு வந்ததும் நீங்களா?"

இல்லை என்ற பதிலைக் கேட்கத்தான் அவர் கேட்டார். அது அவருடைய குரலிலேயே இருந்தது. இல்லை என்று சொன்னால் நம்பத் தயாராக இருந்தார். நம்பிக்கொண்டு, அவனுக்காக இன்னும் பேசுவார். சுமன் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அந்தச் சாய்வு நாற்காலி அவன் கண்முன்னே வந்தது.

"ஆமா டீச்சர்" என்றான். "அது நான்தான். இது நான் இல்ல."

இரண்டாவது வாக்கியம் யார் காதிலும் விழவில்லை. அஹ்னாப் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். சார்ஜன் பேனையைக் கையில் எடுத்தார். டீச்சர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அழவில்லை, திட்டவில்லை. "அந்தத் தேத்தண்ணிய எப்பிடிக் குடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். மருமகன் கையைப் பிடித்து அவரைக் கூட்டிக்கொண்டு போனான்.

நீதவான் அவனை விளக்கமறியலில் வைத்தார். பதினான்கு நாள், பிறகு இன்னொரு பதினான்கு நாள். பார்க்க வந்த சுபாஜினி கம்பிக்கு வெளியே நின்று, "நான் சொன்னத ஏன் கேக்கல?" என்றாள். அடுத்த தடவை வந்தபோது அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்காரர் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார், மகளை நேர்சரியில் மற்றப் பிள்ளைகளோடு சேர விடுகிறார்கள் இல்லை என்று மெதுவாகச் சொன்னாள். சட்டத்தரணி வைக்க அவர்களிடம் வழியில்லை. உள்ளே இருந்த ஒரு கிழவன், பழைய களவை ஒப்புக்கொண்டது பைத்தியக்காரத்தனம் என்று சிரித்தான். சுமனும் அவனோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தான்.

ஆறாவது வாரம், மாத்தளைப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு பேர் பிடிபட்டார்கள். அவர்களுடைய அறையில் டீச்சரின் டிவியும் இருந்தது. வெளிச்சம் இல்லாத வீடாகப் பார்த்து இறங்குவதுதான் அவர்கள் வழக்கம். கட்டுகஸ்தோட்டையில் சுமன் என்று ஒருவன் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. வழக்கின் அடுத்த தவணையில் அவனை விடுவித்தார்கள். பழைய களவைப் பற்றி டீச்சர் முறைப்பாடு எதுவும் கொடுக்கவில்லை என்று சார்ஜன் சொன்னார். "அதிர்ஷ்டக்காரன்" என்றும் சொன்னார்.

பேக்கரிக்குப் போனான். ஹாஜியார் அவனைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பேசினார்.

"தம்பி, நான் நம்புறேன். நீங்க செய்யல்ல, அது எனக்குத் தெரியும். ஆனா அந்த ஒழுங்கையில ஒரு ஊட்டுலயும் இப்ப எங்கட பாண் எடுக்கிற இல்ல. நான் என்ன செய்ய?"

"ஒன்னும் செய்ய வேணாம் ஹாஜியார்" என்றான் சுமன்.

அங்கிருந்து பச்சைக் கேற்றுக்கு நடந்தே போனான். எதற்காகப் போகிறான் என்று அவனுக்கே தெளிவில்லை. டீச்சர் விறாந்தைக்கு வந்தார். கேற்றைத் திறக்கவில்லை.

"இது நீங்க இல்ல எண்டு கேள்விப்பட்டேன்" என்றார். "உங்கள மறியல்ல வெச்சதுக்கு எனக்குக் கவலதான்."

"டீச்சர், அந்த நாள்ல நான் செஞ்சதுக்கு..." என்று தொடங்கினான் சுமன்.

டீச்சர் காத்திருந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "என்னட்ட கேக்காதீங்க மகன். என்ட நகைய எடுத்தீங்க, அத நான் எப்பவோ உட்டுட்டேன். அவருட தூக்கத்த எடுத்தீங்க. அத மன்னிக்கிறதுக்கு அவருதான் ஈக்கணும். எனக்கு அந்த உரிம இல்ல. பொய் சொல்லி மன்னிச்சேன் எண்டு சொல்ல எனக்கு ஏலாது."

அவர் குரலில் கடுமை இல்லை. கடுமை இருந்திருந்தால் அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். அவன் தலையைக் குனிந்தபடி நின்றான். மழை தூறத் தொடங்கியது. "நனையாமப் போங்க" என்றுவிட்டு அவர் உள்ளே போனார்.

அந்த வாரமே அவர்கள் தெல்தோட்டைக்குப் பஸ் ஏறினார்கள். சுபாஜினியின் தாய் அங்கம்மாவுக்கு அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை அறைகளில் ஒன்றாக, ஒரு காம்பரா இருந்தது. சுமனுக்கு மலையில் மழைநீர் ஓடக் கான் வெட்டும் வேலை கிடைத்தது. நாட்கூலி, வேலை இருக்கும் நாளில் மட்டும். கட்டுகஸ்தோட்டையில் என்ன நடந்தது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் சுபாஜினி, பேக்கரியை மூடிவிட்டார்கள் என்றாள்.

இரண்டு மாதம் கழித்து, டவுனில் ஒரு சில்லறைக் கடையின் பூட்டை உடைத்திருந்தார்கள். அன்று மத்தியானம் சுமன் சாப்பிட வந்தபோது லயத்து வாசலில் இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள். அவர்களில் இளையவன் தமிழ்ப் பையன். கூச்சத்தோடு பேசினான்.

"ஒன்னும் இல்லண்ணே. சும்மா பேரு எழுதிட்டுப் போகத்தான். மேல இருந்து சொல்லியிருக்காங்க."

சுமன் மண்ணாகியிருந்த கைகளைச் சாரத்தில் துடைத்தான். பக்கத்துக் காம்பராக்களில் கதவுகள் திறந்தன. உள்ளே அங்கம்மா, "என்ன புள்ள, யாரு வந்திருக்கா?" என்று சுபாஜினியைக் கேட்பது கேட்டது. அவள் யாரும் கேட்காமலேயே உள்ளிருந்து அவனுடைய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வந்து, பொலிஸ்காரனிடம் நீட்டினாள்.